வயல் படுத்திருக்கிறது, பிரேம் நிற்கிறது: பென்டாக்ஸ் 17, முதல் இரண்டு ரோல்

ஜூன் 14, 2025. மன்னார்குடிப் பக்கத்து வாசகர் கேட்டது

"ஹாஃப் பிரேம் கேமராவைச் சாதாரணமாகப் பிடித்தால் படம் நெட்டுக்குத்தாக விழுகிறதாம். நம் பக்கம் தென்னையும் கோபுரமும் தவிர நெட்டுக்குத்தாக என்ன இருக்கிறது? வயல், வாய்க்கால், வரப்பு எல்லாமே படுத்துக் கிடப்பவை. ஒரு ரோலில் 72 படம் என்பதற்காக இவ்வளவு பணம் போடலாமா? பென்டாக்ஸ் 17 வைத்திருப்பவர் யாராவது சொல்லுங்கள்."

ஜூன் 14, இரவு

வாங்கி ஒன்பது நாள் ஆகிறது. 36 படத்துக்கான ரோலில் பாதிப் பாதிச் சட்டமாக 72 படம் விழுவதால் ஒரு ரோல்கூட இன்னும் முடியவில்லை. அதனால் படங்களைப் பற்றி இப்போது சொல்ல எதுவுமில்லை, கையில் எப்படி இருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

எடை 290 கிராம். மேல் தகடும் அடித் தகடும் மெக்னீசியக் கலவை, நடு உடம்பு பிளாஸ்டிக். பிலிமைக் கட்டைவிரலால் லீவரைத் தள்ளித்தான் நகர்த்த வேண்டும். 2024-இல் வந்த கேமராவில் லீவர் வைத்திருக்கிறார்களே என்பதுதான் நான் வாங்கியதற்கு முதல் காரணம், மறைக்கவில்லை. லென்ஸ் 25 மி.மீ., எஃப் 3.5. முழு பிரேம் கணக்கில் 37 மி.மீ. போலப் பார்க்கும். ஷட்டர் 4 விநாடியிலிருந்து 1/350 வரை. ஒளி நுழையும் லென்ஸ் துளையையும் ஷட்டரையும் நாம் தொட முடியாது, கேமராவே முடிவு செய்யும். நம் கையில் இருப்பது போகஸ் வளையமும், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகும், எந்த முறை என்று தேர்ந்தெடுப்பதும்தான்.

நீங்கள் கேட்ட நெட்டுக்குத்து விஷயம் எனக்கும் உறுத்துகிறது. இன்று காலை அரசலாற்றுக் கரையில் நின்று கண்ணில் வைத்துப் பார்த்தேன். பாதி வானம், பாதி மணல். மேட்டூர் 12-ஆம் தேதி திறந்துவிட்டார்கள், தண்ணீர் இங்கே இன்னும் வரவில்லை. போர்த் தண்ணீரில் நாற்று விட்டவர்கள் நடவுக்குக் காத்திருக்கிறார்கள். அந்த அகலம் முழுவதும் சட்டத்துக்கு வெளியே போய்விட்டது. கேமராவைச் சாய்த்துப் பிடித்தால் கிடைமட்டம் கிடைக்கிறது, ஆனால் ஒவ்வொரு தடவையும் சாய்த்துக்கொண்டிருக்க முடியுமா?

இப்போதைக்கு என் பதில்: வயலுக்கு இது சரிப்படாது.

ஜூன் 15

நேற்று எழுதியதில் ஒன்று விட்டுப்போயிற்று. "பாதி" என்று பொதுவாகச் சொல்கிறோம், சட்டம் 17-க்கு 24 மி.மீ. பெயரில் உள்ள 17 அதுதான். முழு பிரேம் 36-க்கு 24. பரப்பைப் பெருக்கிப் பார்த்தால் 408-ம் 864-ம். பாதிக்கும் கொஞ்சம் குறைவு. படத்தில் கிரெயின், அதாவது பொடிப்பொடிப் புள்ளி, தெரியும் என்று எல்லோரும் சொல்வது இதனால்தான். ஒரே அளவு பிரிண்டுக்கு நெகட்டிவை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கூடுதலாகப் பெரிதாக்க வேண்டியிருக்கிறது.

ஜூன் 17

பேட்டரி பற்றி. இதற்கு சிஆர்2 வேண்டும். டவுனில் ஒரு கடையில் கேட்டேன், சிஆர்2032 எடுத்துக் கொடுத்தார், கைக்கடிகாரத்தில் போடும் தட்டையான வட்டம். சிஆர்2 என்பது குட்டையான உருளை. "ரெண்டும் ஒண்ணுதான் தம்பி" என்று அவர் அடித்துச் சொன்னார். ஒன்றில்லை. பேட்டரி இல்லாவிட்டால் ஷட்டர் இயங்காது. டெல்டாவில் இதை வைத்துக்கொள்பவர் பையில் இன்னொன்று வைத்துக்கொள்வது நல்லது.

ஜூன் 21

போகஸ் வளையத்தை இன்றுதான் பிடித்தேன். அதாவது, புரிந்துகொண்டேன்.

இதில் தூரத்தை நாமே ஊகித்து வளையத்தைத் திருப்ப வேண்டும். ஆறு இடங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னப் படக்குறி. முதலில் பூ, அது 25 செ.மீ. அடுத்து கத்தியும் முள்கரண்டியும், அது அரை மீட்டர். பிறகு ஆட்கள்: 1 முதல் 1.4 மீட்டர், 1.4 முதல் 2.2 வரை, 2.1 முதல் 5.3 வரை. கடைசியில் மலை, 5 மீட்டருக்கு அப்பால் எல்லாம். வ்யூபைண்டர் லென்ஸுக்கு நேர் மேலே இருப்பதால் கண்ணை எடுக்காமலே கீழே இந்தக் குறிகளைப் பார்க்கலாம்.

மீட்டரில் ஊகிக்க எனக்கு வரவில்லை. அம்மா பூக்காரியிடம் இரண்டு முழம் வாங்கிக்கொண்டிருந்தார், அதைப் பார்த்ததும்தான் உறைத்தது. 25 செ.மீ. என்பது ஒரு சாணும் ஒரு விரலும். அரை மீட்டர் ஒரு முழம். கிணற்றுக் கயிறு அளப்பதுபோல இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம், ஆறு அடி, அது 1.4–2.2 வட்டத்தின் நடுவில் வந்து உட்காருகிறது. சாண், முழம், பாகம். மீட்டர் மனதில் நிற்காதவனுக்கு இந்த மூன்றும் சின்ன வயதிலிருந்தே கையில் இருக்கின்றன.

மலைக் குறிக்கு நம்மிடம் மலை கிடையாது. தஞ்சாவூர்ப் பெரிய கோயில் விமானத்தை வைத்துக்கொள்ளலாம், 216 அடி. 1010-இல் அதைக் கட்டி முடித்தவர்கள் நம் சமவெளிக்கென்றே ஒரு மலையைச் செய்து வைத்திருக்கிறார்கள்.

ஜூன் 22

மேலே எழுதியதில் ஓர் எச்சரிக்கை சேர்க்க வேண்டும். முறை திருகு ஆட்டோவில் இருந்தால் போகஸ் வளையத்தை எங்கே திருப்பினாலும் பயனில்லை, கேமரா அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாது. நான் ஏழெட்டுப் படம் ஆட்டோவில் வைத்துக்கொண்டு முழம் அளந்திருக்கிறேன். பி (P) என்ற முறைக்கு மாற்றிய பிறகுதான் வளையம் வேலை செய்யும்.

ஜூலை 2

தண்ணீர் வந்துவிட்டது. நடவு நடக்கிறது. பாதி இடத்தில் இயந்திரம்தான், எங்கள் தெருவுக்குப் பின்னால் இரண்டு மா நிலத்தில் மட்டும் கைநடவு. அங்கே ஒரு மணி நேரம் நின்றேன்.

நட்டுக்கொண்டிருந்தவர்கள் குனிந்த வரிசை. அது கிடைமட்டம், சாய்த்துப் பிடித்து எடுத்தேன். அப்புறம் ஒரு அக்கா முதுகை நிமிர்த்தி, இடுப்பில் கை வைத்து வானத்தைப் பார்த்தார். கேமரா அப்போது நேராகப் பிடித்தபடி இருந்தது. தலையிலிருந்து சேற்றில் பதிந்த கால் வரைக்கும், காலுக்குக் கீழே தண்ணீரில் அவர் நிழல் வரைக்கும், அளந்து தைத்ததுபோல அடங்கியது.

ஜூன் 14-இல் எழுதியதை நான் கொஞ்சம் திருத்த வேண்டும். வயல் படுத்திருக்கிறது, சரி. வயலில் இருப்பவர்கள் எழுந்து நிற்கிறார்கள்.

ஜூலை 3

நம் மொழியில் நெட்டுக்குத்து, செங்குத்து, குத்துவிளக்கு எல்லாவற்றிலும் அந்தக் குத்து நின்றுகொண்டிருக்கிறது. இது நினைவுக்கு வந்ததும் நாச்சியார்கோயில் போனேன். விளக்குப் பட்டறையில் அச்சுக்குக் காவிரி வண்டலைத்தான் பிசைகிறார்கள். படுத்திருக்கும் ஆற்று மண்ணிலிருந்து நிற்கும் விளக்கு. ஒரு பிரேமில் அச்சுப் பெட்டிக்குள் மண்ணை அழுத்தும் கை, ஒரு முழத் தூரம். அடுத்த பிரேமில் கடைசல் முடிந்து சுவரோரம் நிற்கும் விளக்கு, ஒரு பாகம். உள்ளே இருட்டு. போட்டிருந்தது 200 பிலிம், அதாவது ஒளி உணர்வு குறைவு. ஷட்டர் இழுத்த இழுப்பைக் காதாலேயே கேட்டேன், கை ஆடியிருக்கும் என்று பயம்.

ஜூலை 9

ஒருவர் கேட்கிறார்: "பழைய ஒலிம்பஸ் பென் கால் விலைக்குக் கிடைக்குமே, எதற்குப் புதியது?"

நியாயமான கேள்வி. எங்கள் வீட்டிலேயே ஒன்று இருக்கிறது. சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பென் இஇ-2. ஒலிம்பஸ் பென்னின் முதல் மாதிரி 1959-இல் வந்தது, மைதானி யோஷிஹிசா வடிவமைத்தது. அந்த வரிசையில்தான் ஹாஃப் பிரேம் உலகமெங்கும் பரவியது. இஇ-2-க்குப் பேட்டரி தேவையில்லை. லென்ஸைச் சுற்றித் தேனடைபோல இருக்கும் செலினியம் செல் வெளிச்சத்திலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். வெளிச்சம் போதாவிட்டால் வ்யூபைண்டரில் ஒரு சிவப்பு நாக்கு எழும்பி, ஷட்டரை அழுத்த விடாது. போகஸ் நிலையானது, நாம் அளக்க வேண்டியதில்லை. இவ்வளவு தெளிவாக யோசித்துச் செய்த பொருள்மேல் எனக்குப் பெரிய மரியாதை.

ஆனால் செலினியம் நாளடைவில் தளரும். எங்கள் வீட்டுக் கேமராவில் உச்சி வெயிலிலும் நாக்குதான் நீட்டுகிறது. பழையதை வாங்குகிறவர் முதலில் லென்ஸைக் கையால் மூடி, பிறகு வெயிலில் காட்டி, நாக்கு எழுகிறதா இறங்குகிறதா என்று சோதித்து வாங்குங்கள். நன்றாக இருந்தால் தாராளமாக வாங்கலாம். கிட்டத்தில் எடுக்க வராது, அவ்வளவுதான். என் ரோலில் சாண், முழம் தூரத்துப் படங்களே பாதி, அதனால் எனக்குப் புதியது.

இதோடு இன்னொன்று. "பாதி" என்று சொல்கிறோமே, உண்மையில் இதுதான் மூத்தது. 35 மி.மீ. பிலிம் சினிமாவுக்காக வந்தது. அதன் ஓரத்தில் ஒரு சட்டத்துக்கு நான்கு துளை, துளைக்குத் துளை 4.75 மி.மீ., ஆக 19 மி.மீ. நகரும். 1925-இல் விற்பனைக்கு வந்த லைக்கா கேமரா அதை எட்டுத் துளையாக இரட்டித்தது. நாம் முழு என்று சொல்வது இரட்டை, பாதி என்று சொல்வது ஒற்றை. ஒற்றைச் சட்டம் என்றே கூப்பிடலாம்போல இருக்கிறது.

ஜூலை 20

முதல் ரோல் முடிந்தது, 74 படம். 45 நாள். கழுவி ஸ்கேன் செய்யச் சென்னைக்குக் கூரியரில் அனுப்பியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 1

ஸ்கேன் வந்தது. இரண்டிரண்டு படமாக வந்திருக்கிறது! தனித்தனியாக வேண்டும் என்று எழுதித்தான் அனுப்பினேன். முழு பிரேம் அளவிலேயே ஓட்டிவிட்டார்கள், ஒவ்வொரு கோப்பிலும் இரண்டு பிரேம், நடுவில் கறுப்புக் கோடு. அதுவும் நான் நினைத்த ஜோடி இல்லை. முதல் பிரேம் தனியாக விழுந்து, 2-ம் 3-ம் ஒன்று, 4-ம் 5-ம் ஒன்று என்று ஒரு பிரேம் தள்ளிப் போயிருக்கிறது. அச்சுப் பெட்டியில் இருந்த கைக்குப் பக்கத்தில் விளக்கு இல்லை, வாசலில் நின்ற சைக்கிள்.

மிகவும் கோபமாக இருக்கிறது. நாளைக்கு எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 3

இரண்டு நாளாக அந்தத் தப்பான ஜோடிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நிமிர்ந்து நின்ற அக்காவுக்குப் பக்கத்தில், அதற்கு அடுத்து நான் எடுத்த வெற்று வரப்பு. சாய்த்துப் பிடித்து எடுத்ததால் வரப்பு அதில் கீழிருந்து மேலே ஏறுகிறது. பக்கத்தில் அக்கா நிற்கிறார். அவர் நின்ற இடத்திலிருந்து வயல் செங்குத்தாக எழுந்ததுபோல இருக்கிறது. இந்த இரண்டையும் சேர்க்கலாம் என்று எனக்கு ஒருபோதும் தோன்றியிருக்காது.

மன்னார்குடி நண்பருக்கு: அகலம் வேண்டுமே என்றீர்கள். அகலம் ஒரே சட்டத்துக்குள் இருக்க வேண்டியதில்லை. இரண்டு நிற்கும் சட்டம் சேர்ந்தால் ஒரு படுத்த சட்டம், நடுவில் வரப்பு மாதிரி ஒரு கோடு. நம் வயலும் அப்படித்தானே, வரப்பு வரப்பாகத்தான் அகலமாகிறது.

ஆகஸ்ட் 4

தொழில்நுட்பக் குறிப்பு, மறக்கும் முன். கேமராவில் அதிகபட்ச வேகம் 1/350 என்பதால் உச்சி வெயிலில் 400 பிலிம் போட்டால் லென்ஸ் துளையை எஃப் 16 வரை மூடித்தான் ஆக வேண்டும். அவ்வளவு மூடினால் ஒளி சிதறி விளிம்புகள் மழுங்கும், சிறிய சட்டத்தில் அது கூடுதலாகத் தெரியும். பின்னணியை மங்கலாக்கும் பொக்கே முறையும் அப்போது உதவாது. 200 பிலிம் என்றால் எஃப் 11 போதும், 100 என்றால் எஃப் 8. சித்திரை, வைகாசி வெயிலுக்கு 100 அல்லது 200. ஐப்பசி, கார்த்திகை மழை மூட்டத்துக்கு 400.

பிரிட்ஜில் வைத்த ரோலை எடுத்த உடனே டப்பியைத் திறக்காதீர்கள். நம் ஊர்க் காற்றின் ஈரம் குளிர்ந்த பிலிம்மேல் வியர்த்து நிற்கும். இரண்டு மணி நேரம் வெளியே இருக்கட்டும்.

ஆகஸ்ட் 10

தாராசுரம் போய்வந்தேன். இரண்டாம் இராசராசன் கட்டிய ஐராவதேசுவரர் கோயிலில் யானையும் காளையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும் சிற்பம் ஒன்று உண்டு. ஒரு பக்கத்து உடம்பைக் கையால் மறைத்தால் யானை, மறுபக்கத்தை மறைத்தால் காளை. சின்ன வயதில் பள்ளிச் சுற்றுலாவில் ஆசிரியர் கையை வைத்து மறைத்துக் காட்டியது இன்னும் கண்ணில் இருக்கிறது.

அந்தக் கையின் வேலையைச் சட்டமே செய்தது. நேராகப் பிடித்து, தலையையும் இடப்பக்க உடம்பையும் ஒரு பிரேம். லீவர் தள்ளி, ஓர் அடி நகர்ந்து, தலையையும் வலப்பக்க உடம்பையும் அடுத்த பிரேம். இந்தக் கேமராவுக்காகவே எண்ணூறு ஆண்டுக்கு மேலாக அது காத்துக்கொண்டிருந்த மாதிரி எனக்கு ஒரு மகிழ்ச்சி. இந்த ரோலை வெளியே அனுப்பப்போவதில்லை, வீட்டிலேயே கழுவுகிறேன். இல்போர்டு எச்பி5, கறுப்பு வெள்ளை.

ஆகஸ்ட் 12

ஊட்டியில் 1960-இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனத்தைப் பற்றி ஒருவர் நினைவூட்டினார். இந்து என்ற பெயரில் வந்த அந்தக் கறுப்பு வெள்ளைப் பிலிமின் காலிப் பெட்டி சித்தப்பாவின் டிரங்குப் பெட்டியில் இன்னும் இருக்கிறது. நம் மாநிலத்திலேயே பூசி, வெட்டி, சுற்றி விற்ற பிலிம். இன்றைக்கு ஒவ்வொரு ரோலும் கடல் தாண்டி வருகிறது. அதை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

செப்டம்பர் 6

இரண்டாவது ரோல் முடிந்தது. இதில் அம்மா 19 படத்தில் இருக்கிறார்.

36 படம் கிடைக்கும் கேமராவில் நான் அம்மாவை எடுத்ததெல்லாம் பண்டிகைக்கு. புடவை மாற்றி, நேராக நின்று, பார்வையைக் கேமராவில் குத்தி வைத்தபடி. இந்தக் கேமராவில் ஒரு பழக்கம் தானாக வந்தது. ஒன்று எடுத்தவுடன் லீவரைத் தள்ளி இன்னொன்று. முதல் கிளிக் கேட்டதும் அம்மா "முடிஞ்சுதாடா?" என்று தோளைத் தளர்த்துவார். இரண்டாவது அப்போது. முறத்தைத் தட்டிக்கொண்டு, முந்தானையில் கை துடைத்துக்கொண்டு, என்னைத் திட்டத் தொடங்கும் வாயோடு.

யாராவது இந்தக் கேமராவைப் பற்றிக் கேட்டால் 72 படம் என்று இனிச் சொல்ல மாட்டேன். 36 தடவை இரண்டாவது படம் கிடைக்கிறது என்று சொல்வேன்.

செப்டம்பர் 8

கழுவியாயிற்று. டி-76 மருந்து, தண்ணீர் கலக்காமல் அப்படியே, 20 டிகிரியில் ஏழரை நிமிடம். புத்தகம் சொல்லும் 20 டிகிரிக்கு நம் ஊரில் ஐஸ் வேண்டும். போர்த் தண்ணீர் 29 டிகிரி காட்டியது. ஐஸ் கட்டிகளை பிளாஸ்டிக் பையில் கட்டி மருந்துப் பாத்திரத்தைச் சுற்றி வைத்தேன், மருந்துக்குள் போடாதீர்கள், நீர்த்துவிடும். 29 டிகிரியிலேயே செய்தால் நேரம் ஐந்து நிமிடத்துக்கும் கீழே வந்துவிடும், திட்டுத்திட்டாக விழ வாய்ப்பு அதிகம். கடைசியில் கழுவும் தண்ணீரையும் மெதுவாகத்தான் சூடு ஏற விட வேண்டும்.

யானை வந்திருக்கிறது. காளை அரை முழம் போகஸ் தவறி மங்கல். மறுபடி போவேன்.

செப்டம்பர் 9

"ஆக, வாங்கலாமா கூடாதா?" என்று மன்னார்குடியிலிருந்து மறுபடி கேள்வி.

அகன்ற வயலை ஒரே படமாகச் சுவரில் பெரிதாக மாட்ட வேண்டும் என்றால் வேண்டாம். கிரெயின் பிடிக்காதவருக்கும் வேண்டாம். துளையும் ஷட்டரும் தன் கையில் இருக்க வேண்டும் என்பவருக்கும் வேண்டாம், என் பழைய நிக்கான் எஃப்எம்10-ஐ நான் விற்காததற்கு அதுதான் காரணம். அமெரிக்காவில் இதன் அறிமுக விலை ஏறக்குறைய 500 டாலர், அந்தப் பணத்துக்கு எத்தனை ரோல் வாங்கலாம் என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். கணக்குப் போட்ட பிறகும் கை அரித்தால் வாங்குங்கள். அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கும்பகோணம் வாருங்கள், என்னுடையதில் பத்துப் பிரேம் எடுத்துப் பாருங்கள்.

செப்டம்பர் 21

குறுவை அறுப்பு முடிந்தது. நடவு அன்று எடுத்த படங்களை 4-க்கு 6 அளவில் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு பிரேமும் நடுக்கோட்டோடு ஒரே தாளில்.

நிமிர்ந்து நின்ற அந்த அக்கா வெகுநேரம் பார்த்தார். "எம் படம் நல்லாருக்கு. இந்த வரப்ப எதுக்குத் தம்பி ஒட்டி வச்ச?" என்றார். நான் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு பேத்தியைக் கூப்பிட்டுக் கத்தரிக்கோல் கொண்டுவரச் சொல்லி, கறுப்புக் கோட்டின் மேலேயே நேராக வெட்டி, தன் படத்தை வைத்துக்கொண்டு வரப்பை என்னிடம் கொடுத்தார்.

அது இப்போது என் மேசைமேல் இருக்கிறது. ஓரத்தில் அவர் முந்தானை ஒரு நூல் அகலத்துக்கு ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது.